இல்லத்தில் இருக்கும் அம்மாவின் கையில் காயம்: பராமரிப்பு இல்லப் புகார்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமூகநலத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஈரோடு, திருப்பூர் பக்கத்தில் முதியோர் இல்லம், குழந்தைகள் இல்லம், மாற்றுத்திறனாளிகள் இல்லம் என்று பலவற்றுக்குள் ஆய்வுக் குழுவோடு போயிருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகும் தொலைபேசி ஓயவில்லை. கேட்பவர்களில் பாதிப்பேர் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்கும் பிள்ளைகள். ஒரே பதிலை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் எழுதி வைத்துவிட்டேன். நான் பார்த்த இல்லங்களின் பெயரை எங்கும் சொல்லவில்லை.

அம்மாவின் கையில் கன்றிப்போயிருக்கிறது. அடித்திருப்பார்களா?

தெரியாது. பார்த்த மாத்திரத்தில் யாராலும் சொல்ல முடியாது. எழுபது, எண்பது வயதில் தோல் வெங்காயச் சருகு போல மெலிந்துவிடும். இதயத்துக்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், கட்டில் கம்பியில் லேசாக இடித்தாலே முன்கையில் பெரிய ஊதாத் திட்டு வந்துவிடும். அதை வைத்து ஆயாவின் மேல் பாய்ந்த மகனையும் பார்த்திருக்கிறேன், "வயதானால் அப்படித்தான்" என்று நிர்வாகி சொன்னதை நம்பித் திரும்பிப் போன மகளையும் பார்த்திருக்கிறேன். பிறகு விசாரித்ததில் இரண்டு பேர் நினைத்ததும் தவறு.

காயம் எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். முழங்கையின் வெளிப்புறம், முழங்கால், நெற்றி ஆகியவை விழுந்தால் படும் இடங்கள். மேற்கையின் உட்புறம், காதின் பின்புறம், கழுத்து, முதுகு, தொடையின் உட்புறம் ஆகியவை சாதாரணமாக இடிபடாத இடங்கள். இரண்டு மேற்கைகளிலும் எதிரெதிராக விரல் பதிந்தது போன்ற தடம் இருந்தால் யாரோ இறுக்கிப் பிடித்துத் தூக்கியிருக்கலாம். மணிக்கட்டைச் சுற்றி வளையம் போல இருந்தால் கட்டி வைத்திருக்கிறார்களா என்று கேட்டே ஆக வேண்டும். நிறத்தைப் பார்த்து "மூன்று நாள் காயம், ஐந்து நாள் காயம்" என்று கணக்குச் சொல்பவர்களை நம்பாதீர்கள். அது ஆளுக்கு ஆள் மாறும்.

சந்தேகம் வந்த அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். இல்லத்தில் ஏற்பட்ட காயம் என்று மருத்துவரிடம் சொன்னால் விபத்துப் பதிவேட்டில் பதிவார்கள். அதன் நகலைத்தான் எல்லோரும் ஏ.ஆர். காப்பி என்கிறார்கள். பின்னாளில் எந்த அதிகாரி விசாரித்தாலும் முதலில் கேட்கும் தாள் அதுதான். கைப்பேசியில் படம் எடுக்கும்போது முகம் தெரிய ஒன்று, காயம் மட்டும் நெருக்கமாக ஒன்று, அருகில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து அளவுக்கு ஒன்று என எடுத்துக்கொள்ளுங்கள்.

படுக்கைப் புண் வந்தால் அது இல்லத்தின் குற்றமா?

நல்ல கவனிப்பிலும் சிலருக்கு வரும். அதனால் புண் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், புண்ணை முதலில் யார், எந்தத் தேதியில் பார்த்து எழுதினார்கள் என்று கேளுங்கள். பதிவே இல்லாமல் குதிகாலிலும் இடுப்பின் பின்பக்கத்திலும் எலும்பு தெரியும் அளவுக்குப் போயிருந்தால், பல நாட்களாக ஒருவரும் புரட்டிப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

யாரிடம் புகார் கொடுப்பது? கலெக்டரா, போலீஸா?

இங்கேதான் பலர் மாதக்கணக்கில் அலைகிறார்கள். எல்லா இல்லமும் வெளியிலிருந்து பார்க்க ஒன்று போலவே இருக்கும். வாசலில் ஒரு பெயர்ப்பலகை, உள்ளே வேப்பமரம், அவ்வளவுதான். ஆனால் யார் தங்கியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துச் சட்டமும் அலுவலகமும் மாறும்.

முதியோர் இல்லம் என்றால் மாவட்ட சமூகநல அலுவலகம். பெண்களுக்கான விடுதி, காப்பகமும் அங்கேதான். பெண்கள் விடுதி, காப்பகத்துக்குத் தமிழ்நாட்டில் 2014ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு. குழந்தைகள் இல்லம் என்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் குழந்தைகள் நலக் குழுமமும். சட்டம் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். மாற்றுத்திறனாளிகள் இல்லத்துக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், சட்டம் 2016ஆம் ஆண்டுடையது. மனநலம் பாதிக்கப்பட்டவர்கள் தங்கும் இடம் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். நம் பக்கத்தில் பல இல்லங்கள் எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கின்றன. அப்படியானால் ஒரே மனுவின் நகலை எல்லா அலுவலகத்துக்கும் கொடுங்கள். "இது எங்கள் துறை இல்லை" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பும் பஸ் செலவு மிச்சமாகும்.

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவைக் கொடுத்து எண் வாங்கிக்கொள்வது நல்ல வழி. மனு கீழே இறங்கி எந்த மேஜைக்குப் போனது என்று பிறகு கேட்கலாம். முதியோருக்கான உதவி எண் 14567, குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181.

அடி, கட்டி வைத்தல், பாலியல் தொல்லை, பட்டினி என்றால் முதலில் காவல் நிலையம். புகாரை வாங்கியதற்கு சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். பெரிய குற்றம் என்றால் முதல் தகவல் அறிக்கையே போட வேண்டும். நிலையத்தில் மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் அசையவில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் சட்டத்திலும் இந்த வழி இருக்கிறது.

கோட்டாட்சியரிடம் முதியோர் தீர்ப்பாயம் இருக்கிறதே, அங்கே போகலாமா?

அது பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்பதற்கான இடம். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம். இல்லத்து ஊழியர் அடித்தார் என்பதற்கு அங்கே தீர்வு கிடைக்காது. ஆனால் அப்பாவை இல்லத்தில் தள்ளிவிட்டுப் பணமும் கட்டாமல் பிள்ளைகள் காணாமல் போனால், அந்தப் பிள்ளைகள் மீது அங்கே போகலாம். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்: நான் பார்த்த மோசமான நிலைமைகளில் சில, குடும்பமே பணம் அனுப்புவதை நிறுத்திய பிறகு தொடங்கியவை.

புகாரில் என்ன எழுத வேண்டும்?

சுருக்கமாக எழுதுங்கள். "மனிதாபிமானமே இல்லாத கொடூரமான நிர்வாகம்" என்று தொடங்கும் நான்கு பக்க மனுவை எந்த அதிகாரியும் இரண்டாம் பக்கம் வரை படிப்பதில்லை. என்ன பார்த்தீர்கள், எந்த நாள், எத்தனை மணி, அப்போது யார் பணியில் இருந்தார், அம்மா தன் வாயால் சொன்னது என்ன, நீங்கள் யாரிடம் கேட்டீர்கள், அவர் என்ன பதில் சொன்னார். நேரில் பார்த்ததையும் பிறர் சொல்லிக் கேட்டதையும் தனித்தனியாக எழுதுங்கள். கடைசியில் உங்கள் கோரிக்கை. காணொளிப் பதிவை அழிக்காமல் பாதுகாக்கச் சொல்லி ஒரு வரி கட்டாயம் வேண்டும். பல இல்லங்களில் கேமரா பதிவு சில வாரங்களில் தானாகவே அழிந்து மேலே புதியது பதிந்துவிடும். மனு மேஜை மேஜையாகப் போய் வருவதற்குள் அந்த இரவு போயே போய்விடும்.

பெயர் போடாமல் அனுப்பலாமா?

மொட்டைக் கடிதங்களைப் பெரும்பாலும் கோப்பில் போட்டு மூடிவிடுவார்கள். ஆனால் "பின்கட்டு அறையில் இரவு எட்டு மணிக்கு மேல் வெளியிலிருந்து தாழ்ப்பாள் போடுகிறார்கள்" என்று போய்ப் பார்க்கக்கூடிய தகவல் இருந்தால் அதற்கு மதிப்பு உண்டு. அப்படி ஒரு கடிதத்தை வைத்துத்தான் நாங்கள் ஒரு முறை இரவில் போனோம். தாழ்ப்பாள் இருந்தது.

அப்பாவை இல்லத்தில் விட்டது ஊரில் யாருக்கும் தெரியாது. புகார் கொடுத்தால் வெளியே வந்துவிடுமே?

இந்தக் கேள்வி வாய்விட்டு வருவது குறைவு. ஆனால் எங்கள் பக்கத்தில் பாதிப் புகார்களை விழுங்குவது இதுதான். பங்காளிகளிடம் "கோயம்புத்தூரில் என்னோடுதான் இருக்கிறார்" என்று சொல்லி வைத்திருப்பார்கள். நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு மட்டும் அழைத்து வந்து திண்ணையில் உட்கார வைப்பார்கள். இது நிர்வாகிகளுக்கும் தெரியும். விசாரணையில் உங்கள் பெயரை ஊர்ச் சாவடியில் படிக்கப்போவதில்லை. அதற்கு மேல் இதற்கு என்னிடம் மருந்து இல்லை.

புகார் கொடுத்தால் அம்மாவைப் பழிவாங்க மாட்டார்களா?

பயம் நியாயமானது. அடித்து விடுவார்கள் என்று சொல்லவில்லை. தண்ணீர் கேட்டால் தாமதமாகும், அழைத்தால் காது கேட்காது, அப்படித்தான் நடக்கும். ஆபத்து தெளிவாகத் தெரிந்தால் முதலில் அம்மாவை வெளியே கொண்டு வாருங்கள், அதன் பிறகு மனு. உடனே வேறு இடம் இல்லை என்றால் மருத்துவப் பரிசோதனை என்று இரண்டு நாள் மருத்துவமனையில் சேர்ப்பதும் ஒரு வழி. அங்கேயே தங்க வேண்டியிருந்தால், அதே இல்லத்தில் உறவினர் இருக்கும் இரண்டு, மூன்று குடும்பங்களோடு சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். ஒரு கிழவியைத் தனியாகக் குறிவைப்பது அப்போது கடினம். பார்க்கப் போகும் நேரத்தையும் மாற்றுங்கள். நம் ஆட்கள் ஞாயிறு காலை பதினொரு மணிக்குப் பழப்பையோடு போவார்கள், இல்லமும் ஞாயிறு பத்தரைக்கு எல்லோருக்கும் சுத்தமான சேலை கட்டிவிடும்.

ஆய்வுக்கு வருபவர்கள் உண்மையில் என்ன பார்க்க வேண்டும்?

நான் முதல் சில ஆண்டுகள் கழிப்பறையைப் பார்த்தேன், சமையலறையைப் பார்த்தேன், சுவரில் சாமி படம் பக்கத்தில் உரிமச் சான்று தொங்குகிறதா என்று பார்த்தேன். அவையெல்லாம் வேண்டும்தான். ஆனால் உண்மை இருந்தது பதிவேடுகளில்.

மருந்துப் பதிவேட்டை முதலில் கேளுங்கள். ஓர் இல்லத்தில் காலை பதினொரு மணிக்குத் திறந்தேன். அன்று இரவு ஒன்பது மணி மாத்திரைக்கும் டிக் போட்டிருந்தது. மாதம் முழுவதும் ஒரே மை, ஒரே சாய்வு. இன்னோர் இடத்தில் தூக்க மாத்திரை அட்டைகள் டப்பாவில் இருந்தன, ஆனால் எந்த மருத்துவரின் சீட்டிலும் அந்த மாத்திரையின் பெயர் இல்லை. பகல் இரண்டு மணிக்கு ஒரு கூடம் முழுக்க ஆழ்ந்து தூங்கினால் இதைத்தான் நான் தேடுவேன்.

அடுத்து அரிசி. நாற்பது பேர் தங்கியிருக்கிறார்கள், ஆளுக்கு ஒரு நாளைக்குக் கால் கிலோ என்று குறைத்து வைத்தாலும் நாளுக்குப் பத்து கிலோ, மாதத்துக்கு முந்நூறு. இருபத்தைந்து கிலோ சிப்பம் பன்னிரண்டு வர வேண்டும். கடைச் சீட்டில் ஐந்து சிப்பம்தான் இருக்கிறது என்றால் மீதி எங்கிருந்து வந்தது? நன்கொடையாக வந்திருக்கலாம், அதற்கும் பதிவேடு உண்டு. சாப்பாட்டு அட்டவணையில் கொள்ளு ரசம், கீரை, அரிசிபருப்புச் சாதம் என்று அழகாக எழுதியிருப்பார்கள். பருப்புச் சீட்டைக் கேட்டால் நிர்வாகி கணக்குப்பிள்ளையைத் தேடுவார்.

உணவைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்குத் திருமுருகன்பூண்டியே போதும். 2022 அக்டோபரில் அங்கே ஒரு குழந்தைகள் இல்லத்தில் சாப்பிட்ட மூன்று சிறுவர்கள் இறந்தார்கள், பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அந்த இல்லம் மூடப்பட்டது. குழந்தைகள் இல்லங்களை மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது ஆய்வு செய்ய வேண்டும், குழுவில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவரும் இருக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் கடைசி ஆய்வு எப்போது நடந்தது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கடைசியாக, எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது இரவுப் பணி. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பது பேரில் பதினைந்து பேர் எழுந்திருக்க முடியாதவர்கள். படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் போட வேண்டும். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை நான்கு சுற்று, மொத்தம் அறுபது தடவை. புரட்டி, ஈரம் மாற்றித் துடைக்க ஒரு தடவைக்குப் பத்து நிமிடம். அறுநூறு நிமிடம், பத்து மணி நேரம். இரவில் இருப்பதோ எட்டு மணி நேரம். பணியில் இருப்பது ஒரே ஒரு பெண், பல இடங்களில் அவர் காலையிலிருந்தே பணியில் இருப்பவர். இந்தக் கணக்கில் யாராவது ஒருவர் மூன்று மணிக்கு எரிந்து விழத்தான் செய்வார்.

கை ஓங்கியவரை நான் நியாயப்படுத்தவில்லை. அவர் மீது வழக்குப் போட வேண்டும். ஆனால் ஆயாவை வேலையைவிட்டு நிறுத்தியதோடு கோப்பை மூடிய விசாரணைகளில் பலவற்றுக்கு ஆறு மாதம் கழித்து அதே முகவரியிலிருந்து அடுத்த மனு வந்தது. ஆயா வேறு, பணி அட்டவணை அதே. பனியன் கம்பெனியில் இதைவிட நல்ல கூலி, உட்கார்ந்து செய்யும் வேலை. தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் அங்கே சேர்ந்துவிடுகிறார்கள். மிஞ்சி நிற்பவர்களிடம் இரண்டு ஆள் வேலையை வாங்குவது நிர்வாகத்தின் முடிவு. விசாரணை அறிக்கையில் அந்த முடிவை எடுத்தவரின் பெயரும் வர வேண்டும்.

அப்பாருக்கு மறதி நோய். அவர் சொல்வதை நம்புவார்களா?

நம்ப மறுப்பவர்கள் இருக்கிறார்கள். என் அனுபவம் வேறு. தேதி, பெயர் போய்விடும், ஆனால் பயம் போகாது. ஒரு பெரியவர் என்னிடம் ஒன்றுமே சொல்லவில்லை. ஒரு குறிப்பிட்ட ஊழியர் அறைக்குள் வந்தபோது மட்டும் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டார். அதை நான் அப்படியே அறிக்கையில் எழுதினேன். "யார் அடித்தது?" என்று கேட்காதீர்கள், அது பதிலை வாயில் திணிப்பது. "இங்கே ராத்திரி எப்படி இருக்கும் அப்பாரே?" என்று கேட்டுவிட்டுப் பொறுமையாக இருங்கள். நிர்வாகி பக்கத்தில் நிற்கக் கூடாது. வேறு வேறு நாளில் அதே விஷயத்தைச் சொல்கிறாரா என்று பாருங்கள்.

"உங்கள் ஆளை வேறு இல்லத்துக்கு மாற்றிவிட்டோம்", "எங்கேயோ போய்விட்டார்" என்கிறார்கள். என்ன செய்வது?

அன்றே காவல் நிலையம். ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் ஓர் இல்லத்தைப் பற்றி 2023 பிப்ரவரியில் வெளியே வந்த விவகாரத்துக்குத் தொடக்கம், அங்கே சேர்க்கப்பட்ட திருப்பூர் முதியவர் ஒருவர்தான். பார்க்க வந்த உறவினரிடம் அவரைப் பெங்களூருக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். அங்கேயும் அவர் இல்லை. ஆளை நேரில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு மனுவை உயர் நீதிமன்றத்தில் போட்ட பிறகுதான் அந்த இல்லத்தின் உள்ளே அதிகாரிகள் நுழைந்தார்கள், வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது.

மாற்றியதாகச் சொன்னால் மூன்று கேள்வி: எந்தத் தேதி, எந்த வண்டி, அங்கே வாங்கிக்கொண்டவரின் கையெழுத்து எங்கே. ஆட்கொணர்வு மனு கோவை, ஈரோடு, திருப்பூர், சேலம், நாமக்கல்காரர்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தில், கரூர்காரர்களுக்கு மதுரைக் கிளையில். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

சங்கிலியால் கட்டி வைப்பது சில நோயாளிகளுக்குத் தேவை என்கிறார்களே?

இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பற்றியபோது சங்கிலியில் இருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை எந்த வடிவத்திலும் அனுமதிக்கவில்லை. இதில் விவாதத்துக்கே இடம் கொடுக்காதீர்கள்.

நான் அந்த இல்லத்தில் ஆயாவாக வேலை பார்க்கிறேன். நடப்பதைச் சொன்னால் வேலை போய்விடும்.

அம்மிணி, போகலாம், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் வாயை மூடிக்கொண்டால் நாளை குற்றம் உங்கள் தலையில்தான் விழும். குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் போக்சோ சட்டத்தில் அதுவே தனிக் குற்றம். நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது வழக்கு வராது என்றும் அதே சட்டம் சொல்கிறது. மாற்றுத்திறனாளியைக் கவனிக்கும் பொறுப்பில் இருந்துகொண்டு தெரிந்தே சோறு, தண்ணீர் தராமல் இருந்தால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. "மேனேஜர் சொன்னார்" என்பது நீதிமன்றத்தில் உங்களைக் காப்பாற்றாது.

சிறிய நோட்டு ஒன்றை வீட்டில் வையுங்கள். வேலை முடிந்து போனதும் தேதி போட்டு நடந்ததை இரண்டு வரி எழுதுங்கள். எத்தனை பேரை நீங்கள் ஒருவர் கவனித்தீர்கள் என்றும் எழுதுங்கள். தங்கியிருப்பவர்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். உடை விலகிய ஒரு பாட்டியின் படம் ஊரெல்லாம் சுற்றினால் அதுவும் அவருக்குச் செய்யும் கொடுமைதான்.

பணம் கட்டிச் சேர்த்த இல்லம். சொன்ன வசதி எதுவும் இல்லை.

நுகர்வோர் ஆணையம். ஒப்பந்தம், கட்டிய ரசீது, விளம்பரத் தாள் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. முன்பணத்தைத் திருப்பித் தர மாட்டோம் என்று ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருந்தாலும் கேட்டுப் பாருங்கள்.

இல்லத்தை மூடி சீல் வைத்துவிட்டால் உள்ளே இருப்பவர்கள் எங்கே போவார்கள்?

நான் பார்த்ததில் மிகவும் வருந்திய காட்சி ஒரு சீல் வைப்புதான். வேனில் ஏற்றும்போது ஒரு பாட்டி தன் டிரங்குப் பெட்டியைவிட்டு வர மறுத்தார். யாருக்கும் அதற்கு நேரம் இல்லை. மாற்று இடம், மருந்துச் சீட்டு, ஆதார், உறவினர் எண் எல்லாம் ஆளுக்கு ஒரு கவரில் தயாரான பிறகே கதவில் பூட்டு விழ வேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள். தீயும் நோயும் போன்ற உடனடி ஆபத்து இல்லையென்றால் இரண்டு நாள் தாமதம் பரவாயில்லை.

விசாரணை முடிந்ததா என்றே தெரியவில்லை. அறிக்கையைக் கேட்க முடியுமா?

முடியும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பியுங்கள், முப்பது நாளில் பதில் தர வேண்டும். உயிர் தொடர்பான விஷயம் என்றால் 48 மணி நேரம். "நடவடிக்கை எடுக்கப்பட்டதா?" என்று கேட்டால் "எடுக்கப்பட்டது" என்று ஒரு வரியில் பதில் வரும். ஆய்வு நடந்த தேதி, போன அலுவலர்களின் பதவி, ஆய்வு அறிக்கையின் நகல், அன்று பார்த்த இரவுப் பணிப் பதிவேட்டின் நகல் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பிறர் பெயரை மறைத்துத் தருவார்கள், பரவாயில்லை. பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முப்பது நாளுக்குள் எழுதுங்கள். இரண்டாவது கடிதத்துக்குக் கட்டணம் கிடையாது.